சருகு அசையும்போது

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியபோது என் காதிலிருந்து முதலில் போனது சில்வண்டின் சத்தம். போய்விட்டது என்பதே எனக்குத் தெரியவில்லை. ஏற்காட்டில் அந்த வருடம் வண்டு குறைவு என்றுதான் எண்ணியிருந்தேன். விடுமுறைக்கு வந்த பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "என்ன அம்மாயி, இப்படிக் காதைத் துளைக்குது?" என்று கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன், மரங்களைப் பார்த்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பேத்தி கேட்பதற்கு முன்பே வகுப்பறையில் அறிகுறிகள் இருந்தன. நான் சேலத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் சொல்லும் பதிலில் உயிரோசை வந்து சேரும். மெல்லிய மெய்யோசைகள் வழியிலேயே நின்றுவிடும். பசி என்றானா, பதி என்றானா என்று வாயசைவைப் பார்த்துத்தான் பிரித்தறிவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியைக்குக் காது கேட்கவில்லை என்பது பிள்ளைகள் மத்தியில் எப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு மகளே என்னைச் செவித்திறன் சோதனைக்குக் கூட்டிப் போனாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை சோதிப்பார்களாம். பொத்தானை அழுத்தாமல் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முடிவில் காட்டிய வரைபடத்தில் கோடு இடப்பக்கம் ஓரளவு நேராகப் போய், வலப்பக்கம் பள்ளத்தில் இறங்கியது. உட்செவியின் சுருளுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் ஒலியை வாங்குகின்றன. சுருளின் நுழைவாயிலருகே இருப்பவை மேல்சுருதிக்கானவை. வயதாகும்போது அவைதான் முதலில் அழிகின்றன. அழிந்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அந்த நிபுணர் இதைப் பொறுமையாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே ஒரு பறவையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செந்தலைப் பூங்குருவி. எங்களுக்கு ஏற்காட்டில், நாகலூர் சாலைப் பக்கம், கணவர் வழியில் வந்த கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில். இன்றும் இங்கே பெரும்பாலும் அரபிக்கா. வெயில் நேராகப் படாமல் மேலே பலாவும் சில்வர் ஓக்கும் முள்முருங்கையும் நிற்கும். அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், அந்த நிழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று தாழப் பறந்து மறைந்ததைப் பார்த்தேன். மாமனார்தான், அது பயந்த குருவி, கிட்டே போகாதே, உட்கார்ந்து கேள் என்றார். பறவை பார்ப்பது என்ற பழக்கம் எனக்கு அந்த ஒரு வார்த்தையில் வந்தது.

தலையும் மார்பும் வயிறும் நல்ல ஆரஞ்சு. ஆணுக்கு முதுகு நீலம் கலந்த சாம்பல், பெண்ணுக்குப் பழுப்புச் சாயல். தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. நம் தென்னிந்தியப் பூங்குருவிக்கு முகம் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பில் கண்ணீர் வழிந்த தடம்போல இரண்டு கருங்கோடுகள் இறங்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்தில் தெற்கே வரும் வடக்கத்தி இனத்துக்கு அந்தக் கோடுகள் கிடையாது, முகம் முழுக்க ஆரஞ்சு. 1790-இல் ஜான் லேத்தம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இந்தியா, தென்சீனம், தாய்லாந்து, போர்னியோ, ஜாவா, பாலி என்று பரந்து கிடக்கும் இந்தப் பறவையில் பத்துக்கும் மேற்பட்ட உள்ளினங்களைப் பிரித்திருக்கிறார்கள். எடை ஐம்பது, அறுபது கிராம்தான்.

இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. ஆள் அரவம் கேட்டால் சத்தமில்லாமல் பறந்து ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, அபாயம் போகும்வரை அசையாமல் இருக்கும். அசையாத ஆரஞ்சு, காய்ந்த இலைகளுக்கு நடுவே ஆரஞ்சாகவே தெரிவதில்லை. அதனால் இவ்வளவு காலமும் நான் அதைக் காதால்தான் அறிந்திருந்தேன். வெருண்டால் மெல்லிசாக, கூர்மையாக ஒரு கீச்சு விடும். அதைக் கேட்டதும் நின்றுவிடுவேன். எந்தப் புதரில் இருக்கிறது என்று காது சொல்லும், அதற்குப் பிறகுதான் கண் தேடும். இனி அந்தக் கீச்சு எனக்கு இல்லை என்பதை அந்த வரைபடம் சொல்லிவிட்டது.

ஓய்வு பெற்றதும் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டேன். முதல் சில மாதங்கள் தோட்டத்துக்குள் போகவே பிடிக்கவில்லை. பாதி எழுத்து அழிந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பேன். பார்வை எங்கோ இருக்கும். அப்படி இருந்த ஒரு நாளில், காப்பிச் செடிகளின் அடியில் ஒரு சருகு தானாகப் புரண்டது. காற்று இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று எழும்பி விழுந்தது. நான் அசையவில்லை. மூன்றாவது சருகு புரண்டபோது அதன் பின்னால் ஒரு அலகு இருந்தது, அலகுக்குப் பின்னால் அந்த இரண்டு கருங்கோடுகள்.

அதற்குப் பிறகு நான் சருகு பார்க்கக் கற்றுக்கொண்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் முழுதாகப் படிக்கவும் இல்லை. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

காற்று அடித்தால் பல சருகுகள் ஒரே பக்கமாகச் சேர்ந்து நகரும். அரணை ஓடினால் சருகின் அடியில் ஒரு கோடு ஓடும், மேல் இலைகள் வரிசையாக மேலெழுந்து தாழும். காட்டுக்கோழி காலால் பிராண்டும். சருகெல்லாம் அதன் பின்பக்கம் பறக்கும், அது கொத்திவிட்டுப் போன இடத்தில் மண் தெரியும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். ஒரே நேரத்தில் ஐந்தாறு இடங்களில் இலை புரளும், நிலைகொள்ளாமல் தத்திக்கொண்டே முன்னேறும். குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவியும் இதே தரையில்தான் மேயும். அது இலையைப் புரட்டிவிட்டுக் குட்டைவாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும், நெட்டுக்கால்களால் தாவி நிற்கும்.

பூங்குருவி தனியாக வரும், சில சமயம் ஜோடியாக. ஒரு சருகை அலகால் கவ்வி ஓரமாக எறியும். எறிந்ததும் அடுத்ததற்குப் போகாது. நிற்கும், தலையைச் சாய்த்து அந்த ஈரத்தைப் பார்க்கும். மண்ணுக்குள் அலகைச் செலுத்தும். புழுவோ வண்டோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இரண்டு எட்டு தத்திப் போய் மீண்டும் ஒரு சருகு. ஆகவே ஓர் இலை எழும்பி விழுந்து, பிறகு நீண்ட அமைதி, பிறகு இன்னோர் இலை என்றிருந்தால் அது பூங்குருவி. விடிந்தும் விடியாத நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இது அதிகம். மழை பெய்து ஓய்ந்த பின்னும் உண்டு. ஓடைக்கரை, வடிகால் ஓரம், பலாமரத்தடி இவை அதற்குப் பிடித்த இடங்கள். அத்திப்பழம் விழும் காலத்தில் அத்திமரத்தடியில் காத்திருந்தால் ஏமாற்றம் இல்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தரை என்று ஒன்று இருப்பதே புலப்பட்டது. இத்தனை காலமும் பறவை பார்ப்பது என்றால் கழுத்தை நிமிர்த்துவது என்றே இருந்தேன். காட்டின் சாப்பாட்டில் பெரும்பகுதி கால் கட்டைவிரலின் உயரத்தில் நடக்கிறது. விழுந்த இலையைப் பூஞ்சை தின்கிறது, கரையான் தின்கிறது, மரவட்டை தின்கிறது. மக்கிய இலைக்கு மண்புழுவும், இவற்றைத் தின்னப் பூரானும் வண்டுப் புழுக்களும் கூடுகின்றன. அவற்றுக்காகக் குருவி வருகிறது. எங்கள் தோட்டத்தில் சருகு கனத்துக் கிடக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் காலத்திலும் அடியில் குளுமையாக, பொலபொலவென்று இருந்தது. வாசல் பக்கம் தினமும் பெருக்கும் மண்ணோ குச்சியால் குத்தினாலும் இறங்கவில்லை. குருவியின் அலகு அங்கே என்ன செய்யும்?

இதை எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன். அவர் சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவர், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். காலையில் வந்ததும் விளக்குமாற்றைத்தான் எடுப்பார்.

"இனிமே வீட்டுக்குப் பின்னாடி கூட்ட வேண்டாம்க்கா."

"அப்படியே விட்டா பாம்பு வந்து படுத்துக்கும்ங்க டீச்சரம்மா. ராத்திரி நீங்கதான் தனியா இருக்கீங்க."

அவர் சொல்வதில் உண்மை இருந்தது. சருகுக்குள் கிடக்கும் பாம்பு கண்ணுக்குத் தெரியாது; மலையில் மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. அவரே ஒரு வழியும் சொன்னார். வீட்டைச் சுற்றி நடக்கிற இடம், குழாயடி, குளியலறைக்குப் போகும் வழி இவற்றை மட்டும் சுத்தமாக வைப்பது. கூட்டிய சருகை எரிக்காமல் காப்பிச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுவது. பலாமரத்துக்கு அப்பால் விளக்குமாறு போகவே கூடாது. கோடையில் தீ பிடிக்காமலிருக்க வேலி ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று செதுக்கி வைப்பது. இதைத்தான் இன்றும் செய்கிறோம். களைக்கும் மருந்து அடிப்பதில்லை. ஆள் வைத்து வெட்டுகிறோம். கூலி கூடத்தான் ஆகிறது. எங்களுடையது சின்னத் தோட்டம் என்பதால் தாங்க முடிகிறது. பெரிய தோட்டக்காரருக்கு நான் இதை எளிதான காரியம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த கோடை மழைக்குப் பிறகு பாட்டு கேட்டது. ஆம், எனக்கே கேட்டது. பூங்குருவியின் கீச்சு என் காதுக்கு எட்டாமல் போனாலும் அதன் பாட்டின் உடல் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. குழலில் வாசித்த மாதிரி நீண்ட, தெளிவான துண்டுகள். நடுநடுவே சின்னானிடமிருந்தும் தையல்சிட்டிடமிருந்தும் தவிட்டுக்குருவியிடமிருந்தும் வாங்கிய ஒலிகளைச் செருகிப் பாடும். அந்தச் செருகல்களில் நுணுக்கமானவை எனக்கு விழவில்லை. பேத்தி பக்கத்தில் இருந்தால், "இப்ப தையல்சிட்டு மாதிரி பாடுது அம்மாயி" என்று சொல்வாள். நான் அந்த இடத்தில் பழைய நினைவை வைத்து நிரப்பிக்கொள்வேன்.

அந்த ஆண்டு பலாமரத்தை ஒட்டிய சின்ன மாமரத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கூடு கட்டியது. குச்சி, வேர், இலை வைத்துப் பின்னிய ஆழமில்லாத கிண்ணம். இந்தப் பறவை மூன்று, நான்கு முட்டை இடும். பதின்மூன்று, பதினான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். இன்னும் பன்னிரண்டு நாளில் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். சுடலைக்குயில் இதன் கூட்டிலும் முட்டையிடுவதுண்டு. நான் தாழ்வாரத்தை விட்டு நகரவில்லை. கூட்டருகே மனிதர் போய் வந்தால் அந்தத் தடத்தைப் பார்த்துக் காக்கையும் வல்லூறும் வரும் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். தாயும் தந்தையும் அலகில் மண்புழு தொங்க மாறி மாறி வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்தப் புழுக்கள் எங்கள் சருகிலிருந்து போனவை என்பதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க வேண்டியதில்லை.

என் காது விஷயம் தெரிந்த உறவினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஒரு குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்த்தால் காதருகிலேயே பாடுமே, ஏன் தவிக்கிறாய் என்றார். என் மேல் உள்ள பரிவில்தான் சொன்னார். எனக்கு மனம் பதறிவிட்டது. நம் நாட்டில் காட்டுப்பறவையைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த யோசனை ஒரு நாடு முழுக்கப் பழக்கமானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா கண்முன் இருக்கிறது.

இதே பூங்குருவிக்கு அங்கே அனிஸ் மேரா என்று பெயர். ஜாவாவில் வீட்டில் பறவை வைத்திருப்பது பழைய வழக்கம். இன்று பாட்டுப்போட்டிகள் பெருந்தொழிலாகிவிட்டன. கூண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அனிஸ் மேரா பாடும்போது போதையில் ஆடுவதுபோல் தலையையும் உடலையும் அசைக்கும். அந்த ஆட்டத்துக்குத்தான் விலை. பாலித் தீவின் தோட்டங்களில் கூட்டிலிருந்தே குஞ்சுகளை எடுத்து ஜாவாவுக்கு அனுப்புகிறார்கள். 2014-இல், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பினர் ஜகார்த்தாவின் மூன்று பறவைச் சந்தைகளை மூன்றே நாள் கணக்கெடுத்தபோது 19,000-க்கும் அதிகமான பறவைகள், 200-க்கும் மேற்பட்ட இனங்கள் விற்பனைக்கு இருந்தன. பாடும் பறவை என்பதாலேயே காடுகளிலிருந்து காணாமல் போகும் இனங்கள் ஆசியாவில் பெருகிவிட்டதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017-இல் இதற்கென்றே தனி வல்லுநர் குழு அமைத்தது. செந்தலைப் பூங்குருவி உலக அளவில் இன்னும் அழியும் பட்டியலில் இல்லை. அதன் மேல் பிரியம் வைத்தவர்களாலேயே அதற்கு ஆபத்து வருவதுதான் எனக்கு வலிக்கிறது.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: என் காதுக்காக அதன் காலைக் கட்ட வேண்டாம் அண்ணா. கேட்கிறவரை கேட்கிறேன்.

காதுக்கருவி இப்போது போட்டிருக்கிறேன். முதலில் கூச்சம். கோயிலுக்குப் போனால் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வேன். இப்போது அப்படி இல்லை. இந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. காதுக்கு எட்டாத மேல்சுருதியை எட்டுகிற சுருதிக்கு இறக்கித் தரும். அப்படி இறங்கி வந்த பூங்குருவியின் கீச்சு பழைய கீச்சு இல்லை. ஏதோ வேறு குருவி என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். புது மொழியைப் படிக்கிற மாணவி மாதிரி ஒவ்வொரு குரலையும் கண்ணால் உறுதிசெய்து மறுபடி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் என்ற செயலி கைபேசியில் இருக்கிறது. சுற்றிலும் ஒலிக்கும் குரலை வாங்கி, பெயரைத் திரையில் காட்டும். எனக்குக் கேட்காதபோதும் திரையில் பெயர் மின்னும். அது தவறாகச் சொல்வதும் உண்டு என்பதால் சருகைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். சருகு இதுவரை என்னை ஏமாற்றவில்லை.

காது கேட்காமல் போனதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். சில்வண்டு இல்லாத இரவு எனக்கு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பேத்தி ரகசியமாகச் சொல்வதைத் திரும்பச் சொல்லச் சொன்னால் அது ரகசியமாக இருப்பதில்லை. ஆனால் ஒரு புலன் தளர்ந்த பிறகும் ஒரு பறவையோடு உறவு தொடர முடியும் என்பதை என் வாழ்க்கையில் கண்டேன். அதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது இரண்டு: அசையாமல் உட்கார்வது, தரையை அதன் போக்கில் விடுவது.

படிக்கிறவர்களில் பலர் மலையில் இருக்க மாட்டீர்கள். பூங்குருவி உங்களிடமும் வரும். அக்டோபர் வாக்கில் கோடியக்கரையின் புதர்க்காட்டில் இறங்கிப் போகிறது. குளிர்காலத்தில் சென்னையில் கிண்டி, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற மரம் அடர்ந்த இடங்களில் தங்குகிறது. மார்ச் வரை இருக்கும். பள்ளியோ கல்லூரியோ அலுவலகமோ, உங்கள் வளாகத்தில் மரத்தடிச் சருகைக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லிப் பேசுங்கள். ஆள் நடமாடாத ஒரு மூலையை, மரத்தோடும் நிழலோடும், அந்த ஆறு மாதமாவது பெருக்காமல் விடுங்கள். வீட்டுப் பூனையை விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் உள்ளே வையுங்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் காதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில்வண்டு குறைந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே போங்கள்.